காமிராவின் ஒற்றைக் கண்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று தெரியாமல் விரல்கள் காற்றைத் தடவும். மூடிய கண்ணைத் திறந்ததும் காரியம் முடிந்துவிடும். கடவுள் நமக்கு ஏன் இரண்டு கண் வைத்தார் என்று கேட்டால், ஒன்று போனால் இன்னொன்று உதவுமே என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிப் பதில். மற்றப் பாதியைத் தெளிவாக விளக்கிச் சொன்னவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1838-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் அவர் ஒரு கட்டுரை வைத்தார். வலது கண் காணும் காட்சியும் இடது கண் காணும் காட்சியும் ஒன்றல்ல. இரண்டு விழிகளுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை அங்குல தூரம் இருக்கிறதல்லவா? அந்த அளவுக்குக் காட்சிகளும் விலகியிருக்கின்றன. அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கொண்டுதான் மனம் 'இது அருகே, அது தொலைவிலே' என்று கணக்குப் போடுகிறது. இதை நிரூபிக்க அவர் இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தி ஒரு கருவி செய்தார். வலக் கண்ணுக்கு ஒன்றும் இடக் கண்ணுக்கு ஒன்றுமாகக் கோட்டுச் சித்திரங்கள் வரைந்து அதில் வைத்தார். தட்டையான கோடுகள் எழுந்து நின்று ஒரு பெட்டியாயின. அந்தக் கருவிக்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போட்டோப் பிடிக்கும் வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த வருஷம், 1839-ல்தான். பிள்ளை பிறக்குமுன்னே தொட்டில் கட்டி வைத்தது போல், போட்டோ பிறக்குமுன்னே அதைப் பார்க்கும் பெட்டி தயாராகிவிட்டது.

பிறந்த பிள்ளைக்கோ இரண்டு குறைகள். ஒன்று, அதற்கு ஒற்றைக் கண். எதையும் தட்டையாகத்தான் பார்க்கத் தெரியும். இரண்டாவது, ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரு பக்கமும் தோல் பட்டை கட்டியிருப்பார்களே, அப்படி ஒரு கட்டு. நாம் அசையாமல் நின்றாலும் வலது தோளுக்கு அப்பாலிருந்து இடது தோளுக்கு அப்பால் வரை ஏதோ மங்கலாகவாவது தெரிகிறது. சாதாரணக் காமிராவுக்கு அதில் கால் பங்குதான் தெரியும். கடற்கரையில் நின்று எடுத்த படத்தைப் பார்த்து, 'கடல் இவ்வளவுதானா?' என்று ஏமாறாதவர் உண்டா?

இந்த இரண்டு குறைகளையும் தீர்க்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிலர் காமிராவைப் பிரித்தும், அறுத்தும், ஒட்டியும், சுழற்றியும் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பெரிய விஞ்ஞானிகள் கொஞ்சம்தான். பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர் ஒருவர், புத்தகம் கட்டுகிறவர் ஒருவர், பட்டாளத்துக் காப்டன் ஒருவர், இப்படிப்பட்ட கூட்டம். அந்தக் காப்டனின் கதை நம் ஊரில் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் லின்னீயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதிலேயே கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். 1851-ல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவருக்குப் போட்டோப் பைத்தியம் பிடித்தது. திரும்பி வந்ததும் 1854-ன் கடைசியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் கவர்னர் ஜெனரல் பர்மாவுக்கு அனுப்பிய தூது கோஷ்டியோடு போய் அமரபுரத்தையும் பகானையும் எடுத்து வந்தார். பர்மாப் படங்களில் 120 தேர்ந்தெடுத்து 50 தொகுதிகள் செய்தார்கள். அதாவது ஆறாயிரம் பிரதிகள். ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து, கழுவி, உலர்த்தி எடுக்க வேண்டும். இந்த உழைப்பைப் பார்த்துவிட்டுத்தான் சென்னை சர்க்கார் 1856-ல் அவரை அதிகாரபூர்வமான போட்டோக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்களின் எழுச்சி இன்னும் அடங்கவில்லை. தஞ்சாவூர் ராஜ்யத்தைக் கம்பெனி விழுங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1855-ல் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததைச் சாக்காக வைத்து எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் காப்டன் பெட்டியும் படுதாவுமாகக் கோயில் கோயிலாகப் போகிறார். சேலம் ஜில்லாவில் ராயக்கோட்டை, பிறகு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர். ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அவர் படங்களில் ஜனங்களைத் தேடிப் பிரயோசனமில்லை. அவர் பெரும்பாலும் உபயோகித்தது மெழுகு ஏற்றிய காகித நெகடிவ். நம் ஊர் வெக்கைக்கு அதுதான் தாங்கியது. முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிச்சம் அதில் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். அத்தனை நேரம் நின்றுகொண்டிருக்கப் பொறுமை உள்ளவை கோபுரங்களும் யாளிகளும்தான். நடந்து போன மனிதர்களெல்லாம் காற்றாய்க் கரைந்துவிட்டார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகால் அப்போது இடிந்து கிடந்தது. பின்னால் நேப்பியர் பிரபு கவர்னராயிருந்தபோது அதைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்ப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ட்ரைப்பின் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அவரிடம் அய்யாசாமி என்ற தமிழர் உதவியாளராக இருந்தார். அவர் பிற்பாடு தாமே கைதேர்ந்த போட்டோக்காரர் ஆனவர். கோயில்களைப் படமெடுத்த முதல் தமிழர்களைப் பற்றி யாராவது எழுதினால் அந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு முன்னால் ட்ரைப் நின்றபோது அவருக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. விமானத்தை எடுத்துவிட்டார். நந்தியை எடுத்துவிட்டார். ஆனால் விமானத்தின் அடிப்பகுதியில் எழுத்துக்கள் ஓடுகின்றன. அவை ராஜராஜ சோழன் வெட்டச் சொன்ன எழுத்துக்கள். தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், அரண்மனையில் திருமஞ்சன சாலையில் வீற்றிருந்து, தான் கொடுத்ததையும், தமக்கை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்துக் கல்லிலே வெட்டும்படி அவன் வாயால் உத்தரவிட்டான். அந்த உத்தரவே முதலில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏட்டில் எழுதியிருந்தால் வரி முடிந்ததும் அடுத்த வரிக்குக் கண்ணைத் திருப்பலாம். கல்லில் வரி முடிகிற இடம் எங்கேயோ இருக்கிறது. வாசிக்கிறவன் சுவரோடு நடந்துகொண்டே போக வேண்டும்; மூலை வந்தால் திரும்ப வேண்டும். ஒரே பார்வையில் அடங்காத புத்தகம் அது.

தூர நின்று எடுத்தால் சுவர் முழுவதும் விழும், எழுத்துத் தெரியாது. கிட்டப் போனால் எழுத்துத் தெரியும், சுவர் விழாது. ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? கிட்டப் போனார். ஒரு துண்டை எடுத்தார். காமிராவைப் பக்கவாட்டில் நகர்த்தினார். அடுத்த துண்டை எடுத்தார். சுவருக்கும் காமிராவுக்கும் உள்ள தூரம் மாறாமல், உயரம் மாறாமல், ஒரு துண்டின் முடிவு அடுத்த துண்டின் தொடக்கத்தோடு பொருந்தும்படியாக நகர்ந்துகொண்டே போனார். இப்படி 21 படங்கள். எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டியபோது ஏறக்குறைய 19 அடி நீளம் வந்தது. 1858-ல், பிலிம் சுருள் காமிரா உலகத்தில் வராத காலத்தில், தஞ்சாவூரில் உண்டான நீள்படம் அது.

பனோரமாப் படங்கள் அதற்கு முன்பே உண்டு. மலை உச்சியில் முக்காலியை நிறுத்தி, காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நாலைந்து படம் எடுத்து ஒட்டுவார்கள். ஊர் முழுவதும் கிடைக்கும். ஆனால் அது நின்ற இடத்தில் நின்று தலையைத் திருப்பிப் பார்ப்பது. ட்ரைப் செய்தது நடந்து பார்ப்பது. இரண்டும் ஒன்றல்ல. தலையைத் திருப்பினால் அருகில் உள்ள நீண்ட சுவர் நடுவில் பருத்து ஓரங்களில் சூம்பிவிடும். நடந்தால்தான் எல்லா எழுத்தும் ஒரே அளவில் இருக்கும். கல்வெட்டை வாசிக்கிற பிரதட்சிணக்காரன் எப்படிப் பார்ப்பானோ அப்படியே காமிராவும் பார்த்தது.

அந்தப் பிரயாணத்தில் அவர் ஸ்டீரியோ படங்களும் எடுத்தார். மதுரைக்கு ஒரு தொகுதி, திருச்சி தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு ஒரு தொகுதி. யோசித்துப் பார்த்தால் இரண்டு வித்தைக்கும் வேர் ஒன்றே. காமிராவைப் பக்கவாட்டில் இரண்டரை அங்குலம் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால் ஆழம் கிடைக்கிறது. ஒரு முழம் நகர்த்தினால் நீளம் கிடைக்கிறது.

சர்க்காருக்கு இதெல்லாம் எத்தனை நாள் பிடிக்கும்? 1859-ல் சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார். எழுச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியாகிக் கிடந்தது. போட்டோ என்பது இந்த நிலைமையில் தாங்க முடியாத ஆடம்பரம் என்று தீர்மானித்து ட்ரைப்பின் காரியாலயத்தை மூடச் சொல்லிவிட்டார். சிக்கனக்காரரான அந்த டிரெவெல்யனே 1860-ல், கல்கத்தா போட்ட புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக வேலையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார் என்பது வேறு கதை. ட்ரைப் பட்டாள வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சொற்பம். 1902-ல், பிறந்த ஊரிலேயே இறந்தார். ஏறக்குறைய எண்பது வயது வாழ்ந்தவருடைய பெயரை ஏழெட்டு வருஷ வேலைதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டுக்களை ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் படித்து அச்சிடத் தொடங்கியது 1890-க்குப் பிறகு. படிக்கத் தெரிந்தவர் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே, எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒரு காப்டன் அதை 19 அடிக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார்.

ஸ்டீரியோ படங்களின் கதை மேல்நாட்டில் வேறு மாதிரிப் போயிற்று. வீட்ஸ்டனின் கண்ணாடிக் கருவி பெரியது, மேஜை வேண்டும். டேவிட் ப்ரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லென்ஸ் வைத்துக் கைக்கு அடக்கமான பெட்டி செய்தார். 1851-ல் லண்டன் மகா கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அதில் எட்டிப் பார்த்து மகிழ்ந்தார். ராணி பார்த்தால் ஊர் பார்க்காதா? லட்சக்கணக்கில் விற்றது. யார் கண்டுபிடித்தது என்று வீட்ஸ்டனும் ப்ரூஸ்டரும் பத்திரிகையில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் டாக்டரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861-ல் இன்னும் மலிவான ஒரு சட்டத்தைச் செய்து, அதற்கு உரிமைப் பதிவு கூட வாங்காமல் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எழுத்தாளர்கள் பணம் பண்ணத் தெரியாதவர்கள் என்பதற்கு அங்கேயும் சாட்சி இருக்கிறது. பல வீடுகளின் முன்னறையில் அந்தச் சட்டம் இருந்தது. நயாகராவும் எகிப்தும் காசியும் அட்டைகளாக வந்து இறங்கின. பிறகு சினிமா வந்தது. அட்டைகள் பரணுக்குப் போயின.

நீள்படத்துக்கு உண்மையான யோகம் பிலிம் வந்த பிறகுதான். 1845 வாக்கிலேயே பாரிஸில் இருந்த மார்ட்டென்ஸ் என்பவர், லென்ஸை இடமிருந்து வலமாகச் சுழலவிட்டு எடுக்கும் காமிரா ஒன்றைச் செய்திருந்தார். லென்ஸ் சுழலும்போது அதன் பின்னால் உள்ள தகடு வளைந்திருந்தால்தான் எல்லா இடமும் துலக்கமாக விழும். செப்புத் தகட்டை வளைப்பதற்குள் அவருக்குப் பிராணன் போயிருக்கும். கண்ணாடியை வளைப்பதும் லேசான காரியமல்ல. பிலிம் சுருள் கொடுத்த இடத்தில் வளைந்து உட்கார்ந்துகொண்டது. உடனே 1898-ல் அல்-விஸ்டா, 1899-ல் கோடக் கம்பெனியின் பனோரம் என்று சுழல் லென்ஸ் காமிராக்கள் கடைக்கு வந்தன. உல்லாசப் பிரயாணம் போகிறவர் பெட்டியைக் கையில் பிடித்து ஒரு விசையைத் தட்டினால், லென்ஸ் ஒரு வீச்சு வீசி ஓயும். மலை முழுவதும் உள்ளே.

இன்னொரு வழி, லென்ஸை விட்டுவிட்டுக் காமிராவையே சுழற்றுவது. 1904-ல் ஜான்ஸ்டன் என்பவர் உரிமைப் பதிவு வாங்கிய ஸர்குட் என்னும் காமிரா அப்படிப்பட்டது. முக்காலியின் தலையில் ஒரு பல்சக்கரம். கடிகாரத்தில் உள்ளது போன்ற சுருள் விசை காமிராவை அதன் மேல் மெல்லச் சுற்றும். உள்ளே ஒரு குறுகிய பிளவுக்குப் பின்னால் பிலிம் எதிர்த் திசையில் ஓடும். சுற்றுகிற வேகமும் ஓடுகிற வேகமும் அணுவளவும் பிசகாமல் பொருந்த வேண்டும். பிசகினால் படம் முழுவதும் இழுத்த மாவு மாதிரி ஆகிவிடும். எடுக்கும் தூரம் மாறினால் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். ஸர்குட்டில் பெரியதற்குப் பிலிமின் அகலமே 16 அங்குலம். பள்ளிக்கூடம், மாநாடு, பட்டாளம் என்று எங்கே கூட்டம் உண்டோ அங்கே இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டெக்சஸில் கோல்ட்பெக் என்பவர் (1892-1986) ஆயுள் முழுவதும் இதிலேயே கழித்தார். ராணுவ முகாம்களைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார். 1947-ல் ஒரு விமானப்படைத் தளத்தில் 21,765 பேரைச் சின்னத்தின் வடிவத்தில் நிற்க வைத்து அவர் எடுத்த படம் பிரசித்தமானது.

ஸர்குட்டுக்கு முன்னால் கூட்டத்தை நேர் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெரியவராகவும் ஓரத்தில் நிற்பவர் சிறியவராகவும் விழுவார்கள். அதனால் பிறை வடிவத்தில் நிறுத்துவார்கள். படத்தில் பிறை நேர்கோடாகிவிடும். பின்னால் இருக்கும் நேரான கட்டடமோ வில்லாக வளைந்துவிடும். இந்தக் காமிரா நேரானதை வளைக்கும், வளைந்ததை நேராக்கும். இதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. காமிரா இடது கோடியில் தொடங்கி வலது கோடிக்கு வரச் சில விநாடிகள் ஆகும். இடது கோடியில் நின்ற குறும்புக்காரப் பையன், காமிரா தன்னைத் தாண்டியதும் கூட்டத்தின் முதுகுப் பக்கமாகத் தலைதெறிக்க ஓடி, வலது கோடியில் போய் நின்றுகொள்வான். படத்தில் அவன் இரண்டு பேர். நாரதர் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் அங்கே கிருஷ்ணன் இருந்தான் என்பார்களே, அதைப் பல்சக்கரத்தால் சாதித்துவிட்டார்கள். இன்று கைபேசியை வீசிப் பனோரமா எடுக்கிறவர்களும் இரட்டைத் தலை நாயையும் கால் நீண்ட மாமாவையும் பார்த்துச் சிரிக்கிறார்கள்; விஷயம் அதேதான்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனியாக ஒரு சந்தோஷம். போட்டோ என்றால் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சுழல் காமிராப் படத்தில் அப்படி ஒரு கணமே கிடையாது. இடது ஓரம் முந்திய கணம். வலது ஓரம் பிந்திய கணம். ஒரு வாக்கியத்தைப் போல அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடக்கிறது.

ஸ்டீரியோவுக்கு மறுபிறவி கொடுத்தவர் வில்லியம் க்ரூபர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிப் போர்ட்லண்டு நகரத்தில் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். 1930-களின் நடுவில் கோடக்ரோம் என்ற வர்ணப் பிலிம் வந்தது. அதைப் பார்த்ததும் இவருக்கு யோசனை ஓடியது. பழைய அட்டைப் படங்களுக்குப் பதிலாக வர்ணப் பிலிமின் சின்னஞ்சிறு துண்டுகள் ஏன் கூடாது? கோடக் பாண்டம் காமிராக்கள் இரண்டை ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திக்கொண்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் தட்டுவார். 1938-ல் ஆரிகன் குகைகளைப் பார்க்கப் போன இடத்தில் இந்த இரட்டைக் காமிராவோடு நின்றுகொண்டிருந்தார். தபால் அட்டை வியாபாரம் செய்யும் ஸாயர்ஸ் கம்பெனியின் ஹாரல்ட் கிரேவ்ஸும் அங்கே வந்திருந்தார். இது என்ன விசித்திரம் என்று அவர் விசாரித்தார். பேச்சு கூட்டு வியாபாரத்தில் முடிந்தது. வட்டமான அட்டையில் 14 பிலிம் துண்டுகள், அதாவது 7 ஜோடி. கைப்பிடியை அழுத்தினால் அட்டை திரும்பி அடுத்த காட்சி. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது விற்பனைக்கு வந்தது. வியூ-மாஸ்டர் என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். பார்த்து முடித்த பிறகும் கண்ணை எடுக்க மனம் வராத பெட்டி அது.

இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கியவர்கள் யுத்தத்தில் வாயடைத்துப் போனார்கள். அமெரிக்க ராணுவம் பயிற்சிக்காக வியூ-மாஸ்டர்களை மொத்தமாக வாங்கியது. இங்கிலாந்தில் மெட்மனம் என்ற இடத்தில், விமானங்கள் எடுத்து வந்த படங்களை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய மாளிகையில் ஆட்கள் இருந்தார்கள். விமானம் பறந்துகொண்டே அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு படங்கள்தான் அங்கே இரண்டு கண். விழிகளுக்கு இடையே இரண்டரை அங்குலத்துக்குப் பதில் நூற்றுக்கணக்கான கஜம். அத்தனை பெரிய முகமுள்ள அரக்கன் ஒருவன் பார்த்தால் எப்படியோ அப்படி, தரை புடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். குடிசைக்கும் பீரங்கி மேடைக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். 1943-ன் இறுதியில் பீனமூண்டே தளத்தின் படத்தில், சாய்வு மேடையின் மேல் சிலுவை போல ஒரு சிறு புள்ளியைக் கண்டுபிடித்தார் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண்மணி. லண்டன் மேல் விழப் போகும் பறக்கும் குண்டு அதுதான்.

யுத்தம் முடிந்ததும் 1947-ல் ஸ்டீரியோ ரியலிஸ்ட் என்ற 35 மில்லிமீட்டர் காமிரா வந்தது. ஸீட்டன் ராச்வைட் என்பவர் பொழுதுபோக்காகத் தம் கையாலேயே ஸ்டீரியோ காமிராக்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மில்வாக்கி நகரத்தில் நில அளவைக் கருவிகள் செய்யும் டேவிட் ஒயிட் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரே உடலில் இரண்டு லென்ஸ். இரண்டு லென்ஸுக்கும் நடுவே கண்ணளவு தூரம் இருக்க வேண்டுமாகையால், பிலிமில் வலப் படத்துக்கும் இடப் படத்துக்கும் நடுவே இரண்டு கட்டம் காலியாகிவிடும். விலை உயர்ந்த வர்ணப் பிலிம் வீணாகலாமா? பிலிமை ஒவ்வொரு தடவையும் சரியாக இரண்டு கட்டம் நகர்த்தினால் புதிய ஜோடி பழைய ஜோடியின் இடைவெளியில் போய்ப் பொருந்திக்கொள்ளும். கோலத்தில் ஊடு புள்ளி வைப்பது போல. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நான் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். மிக அழகான கணக்கு. மௌனப் படக் காலத்துச் சிரிப்பு நடிகர் ஹாரல்ட் லாயிட் இதன் மேல் தீராத மோகம் கொண்டு ஏராளமான ஜோடிப் படங்கள் எடுத்துத் தள்ளினார். ஒரு விபத்தில் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர் அவர் என்பதைச் சினிமாவில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உறை மாட்டி மறைத்திருந்தார். ரியலிஸ்டின் தயாரிப்பு 1971-ல் நின்றது. அதன் பிறகு ஆசைப்பட்டவர்கள் பழையபடி இரண்டு காமிராக்களை அறுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு கையே இல்லாதவர் யோசெப் சூடெக். செக்கோஸ்லோவாகியாவின் பெரிய போட்டோக்காரர். 1896-ல் கொலீன் நகரத்தில் பிறந்து புத்தகம் கட்டும் தொழில் பயின்றார். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரியப் பட்டாளத்துக்காக இத்தாலியப் போர்முனையில் நின்றபோது குண்டு பட்டு வலது கையைத் தோளோடு எடுக்க நேர்ந்தது. ஒற்றைக் கையால் புத்தகம் கட்ட முடியாது. கிடைத்த சொற்ப உதவித்தொகையில் போட்டோ கற்றுக்கொண்டார். 1926-ல் சங்கீத கோஷ்டி ஒன்றோடு இத்தாலிக்குப் போனவர், கச்சேரியின் நடுவில் எழுந்து இருட்டில் மறைந்தார். தன் கை போன இடத்தைத் தேடிக்கொண்டு போனாராம். விடியும் நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்தார். கை அங்கே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதற்குப் பிறகு அவர் வெளிநாடு எங்கும் போகவில்லை. பிராக் நகரத்தில் ஒரு தோட்டத்து மரக் கொட்டகையில், இசைத்தட்டுக்களுக்கும் காகிதக் குவியலுக்கும் நடுவே வேலை செய்தார்.

அவர் கையில் ஒரு பழைய கோடக் பனோரமாக் காமிரா கிடைத்தது. மேலே சொன்னேனே, உல்லாசப் பிரயாணிகளுக்காக ஏற்பட்ட சுழல் லென்ஸ் பெட்டி, அந்த ஜாதி. 1950-களில் அதற்கு அரை நூற்றாண்டு வயது. நெகடிவ் 10 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் நீளம். அதைப் பெரிதாக்காமல், காகிதத்தின் மேல் நெகடிவை நேராக வைத்து அதே அளவில் பிரதி எடுப்பதுதான் 1940 முதல் அவர் வழக்கம். ஒற்றைக் கையில் பெட்டி, தோளில் முக்காலி, முதுகு ஒரு பக்கம் கூனி, பிராக் தெருக்களில் அவர் நடந்து போவது அந்த ஊருக்குப் பழகின காட்சி. 1959-ல் வெளிவந்த பிராக் பனோரமாப் புத்தகத்தில் 284 நீள்படங்கள்.

அவருக்கு முன் அந்தப் பெட்டியை உபயோகித்தவர்களுக்கு வளைவு ஒரு தொல்லை. காமிராவை மட்டமாக வைத்தால் தொடுவானம் நேராக இருக்கும். மேலும் கீழும் உள்ள கோடுகள் வில்லாகும். கொஞ்சம் சாய்த்தால் தொடுவானமே குடை சாயும். சூடெக் இந்தக் குற்றத்தைக் குணமாக்கினார். நதி வளைகிற இடத்தில் நின்றார். பாலமும் கரைச்சுவரும் தாமாகவே வளைகிற இடத்தில் வளைவு யாருக்கும் உறுத்தாது. சில இடங்களில் காமிராவை நிமிர்த்திக் குத்தாக வைத்து எடுத்தார். அடியில் ஈரக் கற்கள், நடுவில் மரம், உச்சியில் வானம் என்று படம் மூங்கில் தட்டி போல மேலே போகும். ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்ட முடியாத படங்கள் அவை. கண் ஓர் ஓரத்தில் நுழைந்து மற்ற ஓரத்தில் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும்.

அதே காமிராவைத் தூக்கிக்கொண்டு 1957-லிருந்து சில வருஷம் அவர் வடக்குப் பொஹிமியாவில் மோஸ்ட் என்ற ஊரின் பக்கம் போய் வந்தார். பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைப் பிளந்து போட்டிருந்த பிரதேசம். ஊர்களுக்குக் கீழே கரி இருந்தால் ஊர்களைக் கலைத்தார்கள். அங்கே பட்டுப்போன மரங்களும், சேற்றுக் குட்டைகளும், தூரத்தில் புகைபோக்கிகளுமாக அவர் நீள்படங்கள் எடுத்தார். பிராக்கில் கோபுரங்களுக்குக் கொடுத்த அதே நிதானத்தை, அதே 30 சென்டிமீட்டரை, இந்தப் பாழ் நிலத்துக்கும் கொடுத்தார். சோக நிலம் என்று அந்த வரிசைக்குப் பெயர். அது புத்தகமாக வந்தது 1999-ல். சூடெக் 1976-லேயே காலமாகிவிட்டார். பழைய மோஸ்ட் நகரத்தை முழுவதும் இடித்தார்கள். அங்கிருந்த கோதிக் மாதா கோயில் ஒன்றை மட்டும் இடிக்க மனம் வராமல், 1975-ல் அடியோடு பெயர்த்துத் தண்டவாளத்தின் மேல் ஏற்றி, அங்குலம் அங்குலமாக 841 மீட்டர் தூரம் நகர்த்திக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்தினார்கள். அது நின்ற பழைய இடத்தில் கரி வெட்டினார்கள்.